டெலிவிஷனில் வந்த கதை

முத்துமாரியம்மாளுக்குக் காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை. புருஷனின் தங்கை லட்சுமிகாந்தம் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கிவிட்டாள்.

வந்தவள் மேல் குறை ஒன்றுமில்லை. குறையெல்லாம் அவள் கொஞ்ச நாளுக்கு முன்னால் கொடுத்துவிட்ட இங்கிலீஷ் புத்தகத்தில்தான். அட்டையில் தலைமேல் கண்ணாடிச் சட்டியைக் கவிழ்த்த ஒருவன், பின்னால் ரெண்டு நிலா. சிங்கப்பூரில் டெலிவிஷன் வந்த புதிது. தன் வீட்டு டெலிவிஷனில் வாராவாரம் வருகிற கதையைத்தான் அப்படிப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

விருதுநகரில் டெலிவிஷனை யார் கண்டார்? மாமியார் கருப்பம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. மருமகள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவள், படித்துச் சொல்லுவாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

மதியம் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ள வரும் பெண்கள் கதை கேட்க உட்கார்ந்தார்கள். முதல் அத்தியாயத்தை முத்துமாரி எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடந்தாள். இரண்டாவதில் ஒரு வரிகூடப் புரியவில்லை. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.

ரெண்டு நிலா ஊரில் மாசத்துக்கு ரெண்டு அமாவாசை வந்தது. வானக்கப்பல் கேப்டனை அந்த ஊர்ப் பூதங்கள் சுற்றி வளைத்தபோது, அவன் ஓலைவெடியைக் கொளுத்திப் போட்டுத் தப்பித்தான். பெண்கள் காம்பு கிள்ளுவதை மறந்து வாயைப் பிளந்தார்கள். தினமும் கூட்டம் கூடியது.

இப்போது நிஜக் கதையைப் பார்த்தவளே வந்து நிற்கிறாள்.

கருப்பம்மாள் விடுவாளா? மதியம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மருமகளைக் கதை சொல்லச் சொன்னாள். முத்துமாரி தலை நிமிராமல், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். பூதராசாவின் மகள் கேப்டனைக் குகைக்குள் ஒளித்துவைத்த இடத்தில் நிறுத்தினாள்.

எல்லோரும் லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார்கள்.

"அச்சு அசல் இதேதாம்மா," என்றாள் அவள். "டெலிவிஷன்ல பாத்தது அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது."

கருப்பம்மாளுக்கு வாயெல்லாம் பல்.

சாயங்காலம் அடுப்படியில் முத்துமாரி நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"ரெண்டாவது பாடத்துல இருந்து எல்லாம் நானா சொன்னது லட்சுமி. நிஜக் கதை தெரிஞ்சும் என்னைய நீ காட்டிக் குடுக்கலையே."

லட்சுமிகாந்தம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். அம்மா இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்க வீட்ல ஏது மதினி டெலிவிஷன்? அம்மா சந்தோசப்படட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதை விடுங்க, அந்தக் கேப்டன் குகையை விட்டு எப்படி வெளிய வாரான்? நாளைக்கு வரைக்கும் என்னால பொறுக்க முடியாது, இப்பவே சொல்லீருங்க."