கொக்கியில் எரிந்த பச்சை விளக்கு

சமையலறைச் சுவரில் மளிகை அலமாரி இருந்த இடத்தில் இப்போது பெனடிக்டின் சைக்கிள் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கிய கொக்கி லேசுப்பட்டதில்லை. உள்ளங்கையை வைத்தால் நாடி பார்க்கும். கோபத்தோடு வருபவர் சாலையில் இறங்கக் கூடாது என்று சிவப்பு விளக்கைக் காட்டிப் பிடியை இறுக்கிக்கொள்ளும்.

இன்றும் காலையிலேயே சிவப்பு. பெனடிக்ட் சுவரை எட்டி உதைத்தான்.

"ரோஸ்லின்! வந்து கைய வை. உனக்குத்தான் கோபமே வராதே."

அவன் மனைவி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தினமும் இதே கூத்துதான்.

"சாயங்காலம் என் சைக்கிளுக்குப் புது கார்பன் சக்கரம் வருது. பழசை மாட்ட இன்னொரு கொக்கி வாங்கிட்டேன். அதுக்கு இடம் வேணும், உன் தையல் மிஷினைத் தூக்கிடலாம், என்ன?"

ரோஸ்லினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கோபத்தோடுதான் கையைக் கொக்கியில் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்து, சைக்கிள் அவள் கைக்கு வந்தது.

அந்தப் பச்சையையே வெறித்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் வாயை மூடி மூடி, நாடிகூடவா பொய் சொல்லப் பழகிவிட்டது? அதை நினைத்ததும்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

சைக்கிளைத் தூக்கி மறுபடியும் கொக்கியில் மாட்டினாள். பூட்டிக்கொண்டது. உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். சிவப்பு.

"என்னடி பண்றே? பீச்சுல சைக்கிள் கோஷ்டி எல்லாரும் எனக்காகக் காத்துட்டிருக்காங்க!"

ரோஸ்லின் கையை எடுக்கவில்லை.

"நல்லாப் பாத்துக்கோங்க. எனக்கும் கோபம் வரும்."