மயிர்க்கொட்டி நூல்

“நான் இருக்கிறன். தம்பி பேதுரு இருக்கிறான். அவன்ரை மனிசி அற்புதராணி இருக்கிறா. பிள்ளையைப் பெத்த பிரியந்தினியும் இருக்கிறாள். வேறை ஆரும் வேண்டாம். கதவைச் சாத்து பிள்ளை” என்றார் லூர்த்தம்மா.

குருநகரில், படகும் வலையும் சொந்தமாக வைத்திருந்த அந்தச் சம்மாட்டி வீட்டுக்கு மூத்தவர் அவர்தான். எழுபத்தாறு வயதிலும் கதிரையில் முதுகு சாய்க்காதவர். அவருக்கு முன்னால் மேசையில், மறுநாள் ஞானஸ்நானத்துக்கான வெள்ளைச் சால்வை விரித்துக் கிடந்தது.

அந்த வீட்டுக்கு ஒரு முறை உண்டு. தலைப்பிள்ளையை, ஞானத்தாய் தன் கையாலேயே பின்னிய சால்வையில் ஏந்தித்தான் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொருவர் கை பட்டதென்றால் ஞானத்தாயையே மாற்றிவிடுவார்கள். ஒருமுறை மாற்றியும் இருக்கிறார்கள்.

இறந்துபோன கடைசித் தம்பியின் மகள் பிரியந்தினி. தன் மூத்த பிள்ளைக்கு ஞானத்தாயாகப் பெரியம்மா அற்புதராணிதான் வேண்டும் என்று கேட்டிருந்தாள். பிள்ளையில்லாத அற்புதராணியை, கலியாணமாகி வந்த முப்பத்தெட்டு வருசத்தில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

நூலைக் கைத்தொலைபேசியில் பார்த்துக் கொழும்பிலிருந்து எடுப்பித்தவளும் பிரியந்தினியே. செனில் நூலாம். வெல்வெட்டுத் துணிபோல மெத்தென்று, தடிப்பாக, உடம்பெல்லாம் பஞ்சு மயிர்.

“உது நூலோ, மயிர்க்கொட்டிப் புழுவோ?” என்று லூர்த்தம்மா அன்றைக்குக் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அவர் காலத்துச் சால்வைகள் மெல்லிய பருத்தி நூலில் பின்னியவை. கஞ்சி போட்டுக் காயவைத்தால் தாமாகவே எழும்பி நிற்கும். பிரியந்தினியைக் கோயிலுக்குக் கொண்டுபோன சால்வை அவர் பின்னியது. அந்தக் கஞ்சி மணம் இன்னும் தன் மூக்கில் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டே, பின்னுகிற குறோசே ஊசியை முதலில் கையில் எடுத்தவரும் அவர்தான்.

சால்வையைத் தொடங்க முதல், பழகிப் பார்க்க மூன்று பெண்களும் ஒரு துண்டை மாறி மாறிப் பின்னிப் பார்த்தார்கள். பஞ்சு மூடிக்கொண்டதால் அடுத்த கண்ணி எங்கே என்று தெரியவில்லை. லூர்த்தம்மா பிழையாகப் பின்னிய ஒரு வரிசையைப் பிரித்தபோது, பஞ்செல்லாம் மடியில் கொட்டி நூல் மொட்டையாகிப் போயிற்று. பிரியந்தினி அரை மணித்தியாலத்தில் எழும்பிவிட்டாள்.

அற்புதராணி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் கண்ணியைத் தடவித் தடவிப் பின்னத் தொடங்கினார். ஆனால் ஒரு நூல் உருண்டை தீர்ந்து அடுத்ததைப் பொருத்துகிற இடத்தில், எப்படி முடிச்சுப் போட்டாலும் நூல் வழுக்கிக் கழன்றது. “ஒரு வழி பாப்பம்” என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஐந்து கிழமையில் சால்வை முடிந்து வந்தது. ஒரு முடிச்சும் கழலவில்லை.

அந்த முடிச்சுத்தான் இப்போது பிரச்சினை. நேற்றுக் கழுவிக் கொடியில் போட்டிருந்த சால்வையை அயல்வீட்டு யாகப்பு தொட்டுப் பார்த்திருக்கிறார். இது வலை முடிச்சு, பேதுருவின் கைவேலை என்று சொல்லியிருக்கிறார். விடியச் சந்தைக்கு மீன் வந்து சேர முதலே கதை வந்து சேர்ந்துவிட்டது.

“கடலுக்குப் போறதை விட்டிட்டுப் பேதுரு சம்மாட்டி சால்வை பின்னுறாரோ எண்டு என்னட்டையே கேக்கினம்” என்றார் லூர்த்தம்மா. “சொல்லு ராணி. ஆர் பின்னினது?”

“நான்தான் மச்சாள்.”

“முழுக்கவோ?”

“ஓம், முழுக்க.”

“அப்ப உந்த முடிச்சு?”

அற்புதராணி கணவரை ஒருதரம் பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

லூர்த்தம்மாவின் குரல் கொஞ்சம் இளகியது. பேதுருவின் வலைக்கையை இந்தக் கரையில் அறியாதவர் இல்லை என்றார். மற்றவர்கள் கடற்கரையில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்த, அவன் மட்டும் சம்மாட்டி வீட்டு மரியாதையோடு வலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அறைக்குள் இருந்து பொத்துவான். கலியாணத்துக்குப் பிறகுதான் கை அப்படித் திருந்தியது. கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் கிடந்த அப்பா, வலையை மடியில் போட்டுத் தடவி, “உது பேதுருவின்ரை கை. பெரிய படகை அவனுக்குக் குடுங்கோ” என்று சொன்னதை லூர்த்தம்மா அப்படியே சொல்லிக் காட்டினார். சொல்லும்போது கண் கலங்கியது. உடனே நிமிர்ந்துகொண்டார்.

“அதாலைதான் சொல்லுறன். எங்கடை வீட்டுப் பொம்பிளையள் வலையிலை கை வைக்கிறேல்லை. முடிச்சு அவன்ரை எண்டால் சால்வை இவளின்ரை இல்லை. நாளைக்குப் பிள்ளையை நான் ஏந்துறன்.”

பிரியந்தினி வாயெடுத்தாள். மாமி லூர்த்தம்மாவின் பார்வையில் அடங்கிப்போனாள்.

அற்புதராணி எழுந்து சால்வையை நாலாக மடித்தார். மடித்ததை ஒருதரம் தடவினார். “மச்சாளே ஏந்தட்டும்” என்று லூர்த்தம்மாவிடம் நீட்டினார்.

பேதுரு எழும்பிவந்து, சால்வையை வாங்கித் திரும்பவும் மனைவியின் கையில் வைத்தார்.

“யாகப்பு அண்ணை சொன்னது பிழை, அக்கா” என்றார். “எனக்கு இண்டுவரைக்கும் வலை முடிச்சுப் போடத் தெரியாது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து அந்த அறைக்குள்ளை இருந்து என்ரை வலையளைப் பொத்தினது இவள்தான்.”