ஸ்டூல் மேல் அரசர்

நாடகத்தின் நடுவில் மேடை விளக்கு பொசுக்கென்று அணைகிறது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிய பள்ளிக்கூட ஹாலில் ஒரே கூச்சல். அரசராக நடிக்கும் பத்தாம் வகுப்புப் பெண் அசரவில்லை. செய்முறை வகுப்பில் அந்த விளக்குக்கு வயர் இணைத்தவளே அவள்தான். வாளை மந்திரியிடம் கொடுத்துவிட்டு, யாரோ அடிக்கும் டார்ச் வெளிச்சத்தில், ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறுகிறாள். மையால் வரைந்த மீசை வியர்வையில் கன்னம் வரை நீள்கிறது. "மெயின ஆஃப் பண்ணியா?" முன்வரிசையில் அறிவியல் டீச்சர் பதறுகிறார். "பண்ணிட்டுத்தான் மிஸ் ஏறினேன்." மந்திரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மன்னா, எதிரி நாட்டுத் தூதன் வாசலில் காத்திருக்கிறான்!" "நிக்கட்டும். இந்த ஸ்க்ரூவ முடுக்கிட்டு வரேன்." ஹால் சிரிப்பில் குலுங்குகிறது. கழன்ற வயரைத் திரித்துச் செருகி, அழுந்த முடுக்கி, "இப்ப மெயினப் போடு" என்கிறாள் மந்திரியிடம். விளக்கு எரிகிறது; கிரீடத்தின் ஜிகினாத் தாள் பளிச்சென்று மின்னுகிறது. கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து, அங்கியை உதறிக்கொண்டு இறங்கி, சிம்மாசனத்தில் கால்மேல் கால் போட்டு அமர்கிறாள். "வரச் சொல் அவனை." நெஞ்சை நிமிர்த்திப் போர் அறிவிக்க வேண்டிய தூதன் உள்ளே வருகிறான். ஒத்திகையில் ஒருநாளும் செய்யாதபடி, தானாகவே தலை வணங்குகிறான்.