மூன்றாவது ஆள்

"வாங்க, வாங்க! உங்களுக்காகத்தான் வாசலையே பாத்துட்டு நிக்கிறேன்!"

உள்ளே வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவர் இடுப்பில் ஏப்ரனைக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டேன். தொண்டர்களை யோசிக்க விடக்கூடாது என்பது, சர்ச் இளைஞர் மன்றத்தை நடத்தி நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம். யோசித்தவர்கள் யாரும் மறுவாரம் வந்ததில்லை.

"இல்ல சார், நான் வந்து..."

"தெரியும், தெரியும். மச்சான் எல்லாம் சொல்லிட்டான். முதல் நாள் அப்படித்தான் கூச்சமா இருக்கும்."

ஆபீஸ் நண்பர் ஒருவரை அனுப்புவதாக மச்சான் வாக்குக் கொடுத்திருந்தான். பெரியவர்கள் மூன்று பேர் இருந்தால்தான் ஹாலைத் திறக்கலாம் என்பது எங்கள் சர்ச் சட்டம். நான் ஒன்று, ஜூஸ் கலக்கும் என் மனைவி இரண்டு. மூன்றாவது ஆளாக இருந்த ஆர்கன் வாசிப்பவர், போன வாரம் பிள்ளைகளோடு கயிறு இழுக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான்.

கதவைத் திறந்ததும் பிள்ளைகள் கூச்சலோடு உள்ளே பாய்ந்தார்கள். நான் டேபிள் டென்னிஸ் மேசையை வழக்கம்போல் கரகரவென்று இழுத்தேன். புதியவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ, இழுக்காதீங்க! தூக்குங்க! ஆளுக்கு ஒரு மூலை பிடிச்சுத் தூக்குங்க!"

நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு, மேசையைப் பூப்போல இறக்கி வைக்கச் சொன்னார். தரையில் கீறல் விழுமே என்று இத்தனை நாளில் எனக்குத் தோன்றியதில்லை. வந்த முதல் நாளே இவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குப் புல்லரித்தது.

"பாத்தியா? இதுக்குப் பேருதான் பொறுப்பு" என்றேன் மனைவியிடம்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? இழுத்தது நீங்க" என்றாள்.

டம்ளர் கழுவும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டு, நான் பக்கத்தில் நின்று அறிவுரை வழங்க ஆரம்பித்தேன். அது எனக்குக் கைவந்த கலை.

"ஒரே ஒரு விஷயம் சார், சத்தம். பின் வீட்டுல ஒரு மனுஷர் இருக்கார். பந்து கீழ விழுந்தாப் போதும், பாஸ்டருக்குப் போன் போட்டுப் புகார் சொல்லிடுவார். நாங்க அவருக்கு வெடிகுண்டுன்னு பேரு வெச்சிருக்கோம்."

"அப்படியா?"

அந்த மனிதரை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. அதனாலென்ன? மூக்கை விடைத்துக்கொண்டு, "ஹலோ பாஸ்டர்! உள்ளே இருக்கிறது புள்ளைங்களா, யானைக் கூட்டமா?" என்று கர்ஜித்துக் காட்டினேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் மட்டும் ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாவம், மனிதருக்கு நகைச்சுவை உணர்வு கொஞ்சம் கம்மி என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஒரு புகார் வந்தா, ஹால் சாவியைக் குடுத்துடுங்கன்னு பாஸ்டர் கண்டிப்பாச் சொல்லிட்டார். அதோட மன்றம் காலி."

"மூடினா என்ன சார்? புள்ளைங்க வேற எங்கேயாவது விளையாடட்டுமே."

"எங்கே விளையாடுவாங்க? தெருவுலயும் திட்டுறாங்க, மாடியிலயும் திட்டுறாங்க. புள்ளைங்களை விடுங்க, முதல்ல நான் எங்கே போவேன்? வீட்டுல என் ஜோக்குக்கு யாரு சிரிக்கிறா?"

"இங்க மட்டும் சிரிக்கிறாங்களாக்கும்!" என்றாள் மனைவி, ஜூஸைக் கலக்கிக்கொண்டே.

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் வாரம் முழுவதும் நான் காத்துக் கிடப்பது இந்த ஒரு மாலைப் பொழுதுக்குத்தான்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஒரு சிறுமி ஓடிவந்து, "அங்கிள், எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது, வாங்க!" என்று அவர் ஈரக் கையில் மட்டையைத் திணித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் பந்தை வேண்டாவெறுப்பாகத்தான் தட்டினார். ஒரு பாயிண்ட் தோற்றார். பிறகு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஹாலிலேயே பெரிய சத்தம் அவருடையதுதான்.

"அவுட்! அது அவுட்! என்கிட்டயே ஏமாத்துறீங்களா?"

"சார், மெதுவா!" என்று நானே ஓடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். "வெடிகுண்டுக்குக் கேட்டுடப் போகுது!"

"கேக்கட்டும் சார்!" என்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு அடுத்த பந்தை அடித்தார்.

மன்றம் முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில் பாஸ்டர் உள்ளே வந்தார். அவர் கையில் போனைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடலாம் என்று சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஆச்சரியமா இருக்கே!" என்றார் பாஸ்டர். "கேட் வரைக்கும் சத்தம் கேக்குது. ஆனா பின் வீட்டுக்காரர் இன்னைக்குப் புகாரே சொல்லல!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வெடிகுண்டு நமுத்துப்போச்சு போல பாஸ்டர்!" என்று என் ஜோக்குக்கு நானே சிரித்தேன்.

புதியவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஏப்ரனை அவிழ்த்து மடித்து, அடுத்த வாரம் எடுக்க வசதியாக ஆணியில் மாட்டினார். பிறகு பாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்:

"சொல்லத்தான் வந்தேன் பாஸ்டர்... வந்ததும் வராததுமா ஏப்ரனைக் கட்டிட்டாரே!"