மனப்பூர்வமான வேலி

பக்கத்து வீட்டு நூர்ஜஹானின் கோழிகள் கீரைப்பாத்தியைக் கிளறியதால், ஸ்டெல்லா வேலிக்கு அனுமதி கேட்டாள். இரு வீட்டாரும் எல்லையில் நின்று மனப்பூர்வமாகச் சம்மதம் சொல்ல வேண்டும். நகராட்சி இயந்திரம் குரலைச் சோதிக்கும்.

"சம்மதம்" என்றாள் நூர்ஜஹான், பல்லைக் கடித்தபடி.

"கோபம் தெரிகிறது. மீண்டும் சொல்லவும்" என்றது இயந்திரம்.

பதினோராவது முறை இருவரும் புதுப்பெண்களைப் போலக் குழைந்தார்கள்.

"நடிப்பு தெரிகிறது."

நூர்ஜஹானுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சம்மதம்க்கா, சத்தியமா சம்மதம்!" என்று கண்ணைத் துடைத்தாள் நூர்ஜஹான். ஸ்டெல்லாவும் சிரிப்பினூடே "சம்மதம்" என்றாள்.

"சம்மதம் ஏற்கப்பட்டது. ஆனால், தகராறு இல்லாத வீடுகளுக்கு நடுவே வேலிக்கு அனுமதி இல்லை."

"அடக் கடவுளே, இப்ப திரும்பச் சண்டை போடணுமா?" என்றாள் ஸ்டெல்லா.

"நாளைக்குப் போட்டுக்கலாம்க்கா. முதல்ல டீ குடிக்க வாங்க."

மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஸ்டெல்லா அந்த வீட்டுப் படியேறினாள்.