முதுகில் ஒரு மச்சம்

"எனக்கில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தன் போனை மேசைமேல் வைத்தாள்.

திரையில் ஓர் ஆணின் முதுகு. தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம். மச்சத்தை ஒட்டி யாரோ ஒரு சட்டை பட்டனை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள்.

தோல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து படர்தாமரை, தேமல், பாலுண்ணி என்று பார்த்துக் களைத்திருந்தார். சற்று முன்புதான் ஒருவர் வெறும் வேர்க்குருவைக் காட்டி, பெண்டாட்டி பிள்ளைகளுக்கு என்ன வழி என்று அழாத குறையாகக் கேட்டார். அவரைச் சிரிக்க வைத்து அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"போட்டோவைப் பார்த்து நான் எதுவும் சொல்றதில்லைம்மா. ஆளைக் கூட்டிட்டு வாங்க."

"வரமாட்டேங்கறாரு."

அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே குரல் உடைந்தது. டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார்.

சாதாரண மச்சத்தைப் பார்த்ததும் சொல்லிவிடலாம். ஒரே நிறமாக இருக்கும். ஓரம் ஒழுங்காக இருக்கும். நடுவில் கோடு கிழித்தால் இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒன்றுபோல இருக்கும்.

இது ஒரு பக்கமாக வழிந்திருந்தது. ஓரம் கிழித்த காகிதம் போலப் பிசிறடித்தது. கறுப்புக்குள் பழுப்பு, பழுப்புக்குள் ஒரு வெளுத்த இடம், மூலையில் மைக்கறை போல நீலம்.

"இது எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

கல்யாணமான புதிதில் அது மிளகு அளவுதான் இருந்தது என்றாள் அவள். மழமழவென்று உருண்டையாக இருந்ததாம். இப்போது தொட்டால் கைக்கு நெருடுகிறதாம். பனியனில் அவ்வப்போது ரத்தம் ஒட்டியிருக்கிறதாம். கேட்டால், சொறிந்திருப்பேன் என்கிறாராம்.

"பட்டன் எதுக்கு?"

"அளவு பார்க்கத்தான் டாக்டர். அவர் குப்புறப் படுத்துத் தூங்குறப்ப வச்சுப் பார்ப்பேன். முன்னெல்லாம் பட்டனுக்கு அடியில மறைஞ்சிடும். இப்போ சுத்தி வெளியே தெரியுது."

வேறு ஒரு டாக்டரிடம் காட்டியதாகச் சொன்னாள். வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் சொன்னதும், கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை.

"அவருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். தெரிஞ்சதாலதான் பயம். வாய் மட்டும் குறையாது. முதுகுல மச்சம் இருந்தா யோகமாம், அந்த யோகத்துலதான் நான் கிடைச்சேனாம்."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

டாக்டருக்கு இதமாகப் பேச வராது. வீட்டிலும் வெளியிலும் அவருக்கு அந்தப் பெயர்தான்.

"இது தோல் புற்றுநோயா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆழமாப் போறதுக்குள்ள வெட்டி எடுத்துட்டா பிழைச்சுக்குவாரு. உள்ளே பரவ விட்டுட்டா ரொம்பக் கஷ்டம். இனி ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீங்க."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. டாக்டர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார். ஆனால் அழுது முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

"யார் சொன்னா கேப்பாரு? கூடப் பிறந்தவங்க?"

அவள் தலையை ஆட்டினாள். யாரும் இல்லை.

"அம்மா அப்பா?"

"அப்பா இல்ல. அம்மா இருக்காங்க." பாட்டில் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். "பேச்சுவார்த்தை இல்ல."

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த அறையில் எத்தனையோ வீட்டுச் சண்டைகளைக் கேட்டிருக்கிறார். உயிர் போகிற நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

"வீம்பு பார்க்கிற நேரமா இது? பையன் வரலைன்னா அந்தம்மா போகட்டும். நீங்க நேரா போய் விஷயத்தைச் சொல்லுங்க. கையைப் பிடிச்சு இழுத்துட்டாவது போங்க. இங்க உட்கார்ந்து அழுது என்ன பிரயோஜனம்?"

அந்தப் பெண் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அதுக்குத்தான் வந்திருக்கேன், அத்தை."

டாக்டரின் கை போன்மேலேயே நின்றது.

ஒரே மகன் தன் விருப்பப்படி செய்துகொண்ட கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அவன் அனுப்பிய கல்யாணப் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எதிரே இருந்த முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். சின்னப் பெண். பல நாளாகத் தூங்காத கண்கள்.

மெல்லக் குனிந்து படத்தைச் சிறிதாக்கினார். மச்சம் சுருங்கி, முழு முதுகும் திரைக்குள் வந்தது. குளிப்பாட்டும்போது சோப்புப் போட விடாமல் நெளிந்து நழுவி, ஈரத்தோடு வீடு முழுக்க ஓடிய முதுகு.

"அத்தை" என்று மறுபடி கூப்பிட்டாள் அவள், பயத்துடன்.

டாக்டர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, அதை நிமிர்த்தவில்லை. வரிசையில் காத்திருந்தவர்கள் எழுந்து வழிவிட, வெள்ளைக் கோட்டோடே வாசல்வரை வந்துவிட்டார். அங்கே எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்.

"வீடு எங்கம்மா இருக்கு?" என்று மருமகளிடம் கேட்டார்.