கந்தூரிக் கொடிக் கயிறு

முப்பத்திரண்டாம் ஆண்டின் அந்த வெயில் சூலியா தெருவில் இன்னும் சாய்ந்துகொண்டிருக்கிறது. அந்தி மஃரிப் தொழுகைக்குள் தர்காவில் கந்தூரித் திருவிழாக் கொடி ஏறியாக வேண்டும். கயிற்றின் முன்முனையைப் பிடிக்கும் மரியாதை யாருக்கு என்று இரண்டு படகு ஆட்களும் முறைத்து நிற்கிறோம். "ஒங்க படகு என்னைக்கு முந்துச்சு லா?" என்கிறான் எதிர்ப்படகு மீராசா. படகுத் தலைவர்களில் மூத்தவரான தண்டல் சேகப்பா கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துத் தனியாக இழுக்கிறார். கொடி அசையவில்லை, அவர்தான் சறுக்குகிறார். "மாமா, இடுப்பு போயிரும்" என்று ஒருவன் அவரைப் பின்னாலிருந்து பிடிக்க, அவனை இன்னொருவன் பிடிக்க, இரு படகு ஆட்களும் கலந்த வரிசை கடல்வரை நீள்கிறது. கடைசி ஆளான நான் முழங்கால் தண்ணீரில் நின்று, எனக்கு முன்னால் அகப்பட்ட மீராசாவின் இடுப்பைப் பற்றி இழுக்கிறேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கிறது. கொடி ஏறிவிட்டதாம். நான் விடவில்லை, அவனும் விடச் சொல்லவில்லை.